கஜபதியின் பெயரில் நான் விற்ற ஏழு பெட்டிகள்

கஜபதி இறந்துவிட்டார். ஆரம்பாக்கத்தில் தன் வீட்டு முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, பழுது பார்க்க வந்த கிடார் ஆம்ப்ளிபயர் ஒன்றிலிருந்து மின்சாரம் பாய்ந்து இறந்தார். அந்தப் பெட்டியின் முகப்பில் அவர் பெயர் இருந்தது. ஆனால் அதை அவர் செய்யவில்லை. வேறொருவரைச் செய்யவைத்து நான் விற்ற பெட்டி அது.

கும்மிடிப்பூண்டியில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தொழிற்பேட்டையில் அவரோடு வேலை பார்க்கும் பிட்டர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "நம்ம கஜா பூட்டாருப்பா. கிடாரு பொட்டி, கரண்டு" என்றார். "எந்தப் பொட்டி?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியன். டிரான்சிஸ்டர் வந்தபிறகு ஜனங்கள் தூக்கிப்போட்ட வால்வு ரேடியோக்களை நான் எடைக்கு வாங்குவேன். அவர் என் குடோனில் குந்திக்கொண்டு வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்குவார். கம்பெனியில் கழித்த தகரத்தில் சட்டம், பிளைவுட்டில் பெட்டி, தானே சுற்றிய டிரான்ஸ்பார்மர். மதராசில் வாங்கும் விலையில் பாதிகூட ஆகாது. அவர் செய்வார், நான் விற்பேன். முகப்பில் 'கஜா' என்று பொறித்த பித்தளைத் தகடு என் யோசனை. மொத்தமாக அடித்தால் மலிவு என்று ஐம்பது தகடு அடித்து என் கடையிலேயே வைத்திருந்தேன்.

அவர் வேலை செய்யும் மேசையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். காலுக்குக் கீழே மரப்பலகை, அதன்மேல் ரப்பர் பாய். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கைவிடும்போது இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கைலி முடிச்சில் செருகிக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பது அவர் கணக்கு. மல்லிகா, அவர் மனைவி, கிண்டல் செய்வார்: "இன்னாய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கைய ஒளிச்சிக்கினு நிக்கிற?"

"உன்ன ரெண்டாங் கல்யாணம் பண்ண உடக்கூடாதுன்னுதான்" என்பார்.

ஒருமுறை, ஸ்விட்சை அணைத்த பெட்டியை நான் சாதாரணமாக நகர்த்தப் போனேன். என் மணிக்கட்டில் ஸ்குரூடிரைவர் பிடியால் ஓங்கி அடித்தார். "அணைச்சா செத்துப்போச்சுன்னு நெனச்சியா முதலாளி? கண்டென்சர்ல உசுரு அப்டியே கீது" என்று சொல்லி, ஒரு ஒயரின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையைக் கண்டென்சரிலும் வைத்தார். பட்டென்று நீல நெருப்பு. நான் ரெண்டடி பின்னால் போய்விட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

எங்கள் சண்டைக்குக் காரணம் டிரான்ஸ்பார்மர். வீட்டு மின்சாரத்தை நேராகச் சட்டத்துக்கு வரவிடாமல் பிரித்து வைப்பது அதுதான். பெட்டியில் அதிகக் காசு தின்பதும் அதுதான். பழைய ரேடியோக்கள் பலவற்றில் அது கிடையாது. பொன்னேரிப் பக்கத்துக் குழுக்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"ரேடியோல இல்லாமலே ஓடுதே கஜா?" என்றேன்.

"ரேடியோவ எவன் கட்டிப்புடிச்சிக்கினு பாடறான்? அது மரப்பொட்டிக்குள்ள கெடக்குது. கிடாரு கம்பி நேரா சட்டத்தோட சேருது. நான் பெஞ்சுல ஒரு கைய கட்டிக்குவேன். வாசிக்கிறவன் இன்னா பண்ணுவான்? ரெண்டு கையாலயும்தான வாசிக்கணும்?"

"எத்தினி பேருக்குத்தான் ஷாக் அடிச்சிடுச்சி?"

"ஒருத்தன் போனா போதாதா? டப்பு கம்மின்னா வேற எதுலயாவது கொறை. பெயிண்ட்ட கொறை. என் பேரக் கொறைக்காத."

நான் ஒத்துக்கொண்டதுபோல் தலையாட்டினேன். பிறகு என் கடையில் இருந்த ரேடியோ மெக்கானிக்கை வைத்து, டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஏழு பெட்டி செய்தேன். தகடு கையில் இருந்தது, முகப்பில் அடித்தேன். 'கஜா' என்றால்தான் விற்கும். விற்றது.

அதில் ஒன்றுதான் ஆரணிக் குழுவிடமிருந்து அவர் வீட்டுக்குப் போனது. இரைச்சல் வருகிறது என்று அவர்களே முற்றத்தில் இறக்கி வைத்து, பிளக்கையும் மாட்டிக் கொடுத்தார்களாம். பழுதுக்கு வரும் பெட்டியை அவர் முதலில் மேசையில் வைக்கமாட்டார். கிடாரை மாட்டி வாசித்து, குறை என்னவென்று காதால் கேட்பார். மல்லிகா அப்போதுதான் முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார். அந்த ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்துக்கொண்டார். தன் பெட்டிதானே என்ற நம்பிக்கை. இரண்டு கையும் கம்பிமேல்.

சாவு வீட்டிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. "அவ்ளோ ஜாக்கிரதையா இருந்தவரு, எங்கியோ கோட்டை விட்டுட்டாரு." "கடைசில அவரு செஞ்ச பொட்டியே அவர எடுத்துகிச்சி." நான் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சைக்கிளில் பழைய இரும்பு வாங்கித் தொடங்கியவன் நான். கடையும் பேரும் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். அவை போய்விடும் என்ற பயம்தான்.

காரியம் முடிந்த மறுநாள் பணத்தோடு போனேன். மல்லிகா பணத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். "பதினோரு வருசம் இவருக்கு டார்ச் புடிச்சவ நானு. டிரான்ஸ்பார்மர் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்கண்ணே அது?"

சொன்னேன். ஏழு என்று எண்ணிக்கையும் சொன்னேன்.

மல்லிகா பணத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். பிறகு, "அவரு வேல தெரியாம செத்தாருன்னு ஊரு பேசுது. நீ எழுதற. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதற" என்றார்.

எழுதிவிட்டேன். கஜபதி தவறு செய்யவில்லை. தன் பெயரை நம்பினார்; அதை நான் கெடுத்து வைத்திருந்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ஒரு பழக்கம்தான்: குடோனில் எந்த ஒயரைத் தொடப் போனாலும் இடது கை தானாகப் பின்னால் போகிறது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏழில் ஐந்து திரும்பிவிட்டன, அவர் உயிரைக் குடித்ததையும் சேர்த்து. ஒன்று சோழவரம் பக்கம் இருக்கிறது என்கிறார்கள், ஒன்று எங்கே என்றே தெரியவில்லை. உங்களிடம் 'கஜா' பெட்டி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். அவர் செய்தது கனக்கும். பிளக்கில் மூன்று முள் இருக்கும். லேசாக இருந்து இரண்டே முள் இருந்தால் அது என்னுடையது. மறுபடி மாட்டாதீர்கள்.

எனக்கும் மல்லிகாவுக்கும் ஆன பேச்சு இது. பெட்டி எந்த நிலையில் வந்தாலும், ரசீது இல்லாவிட்டாலும், வாங்கிய முந்நூறு ரூபாயை முழுதாகத் திருப்பித் தருவேன். கடையில் மீந்த தகடுகளை அவரிடம் ஒப்படைத்தாயிற்று. வரும் பெட்டிகளின் தகட்டை அவர் கையாலேயே பெயர்ப்பார். ஏழாவது தகடு வந்து சேரும்வரை நான் அந்த வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.