எதிரணி இல்லாத இடம்

எங்கள் கோயிலில் நற்கருணை வாங்க எழாமல் தம் மர வாங்கிலேயே இருந்துவிடுபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஏதோ பாவம் அவரை உறுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடந்த கார்த்திகையிலிருந்து தவக்காலம் வரை அப்படி இருந்தவர் என் அப்பா. காரணம் எனக்கு மட்டுமே தெரியும். நானோ வாரந்தோறும் எழுந்து போய் வாங்கி வந்தேன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். முறையாகச் சொல்வதில் எனக்குப் பயிற்சி உண்டு. பாடசாலை விவாத அணிக்குத் தலைவனாக இருந்தவன் நான். எதிர்த்தரப்பார் பேசி முடிக்குமுன்பே அவர்களுடைய வாதத்தை மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் விடை வைத்திருப்பேன். அந்தத் திறமையை இன்றும் நான் குறைத்து மதிக்கவில்லை.

அப்பா கடலோரத்து உப்புநீர்க் களப்பில் இறால் பிடிப்பவர். கார்த்திகையில் ஒருநாள் கிளிநொச்சியில் எங்களுக்கு விவாதப் போட்டி. தொழிலுக்குத் துணையாள் வராததால் விடியமுன் அப்பாவுடன் வள்ளத்தில் போயிருந்தேன். திரும்பும்போது எஞ்சினை நான் பிடித்தேன். அப்பா முன்னால் இருந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பரந்தன் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று நேர்வழியாக விட்டேன். கரைக்குச் சற்றுத் தொலைவில் எஞ்சின் ஒருமுறை இழுபட்டு, திணறி, மறுபடி ஓடியது.

“நிப்பாட்டு தம்பி. ஆரின்ரையோ வலை வெட்டுப்பட்டிட்டுது.”

“பஸ் போயிடும் அப்பா. வந்து பாப்பம்.”

எங்கள் கரையில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. தவறுதலாக ஒருவருடைய வலையை வெட்டிவிட்டால் வள்ளத்தை நிறுத்த வேண்டும். அறுந்த இரண்டு முனைகளையும் தேடியெடுத்துத் தடியொன்றை நட்டுக் கட்டிவிட்டு, கரையேறியதும் உரியவரிடம் சொல்ல வேண்டும். முகம் பார்த்துப் பேசாத பகையாளிக்கும் இதைச் செய்வார்கள். சொல்லிவிட்டால் பெரிய கோபமும் இல்லை. இருவருமாக இருந்து வலையைக் கட்டி முடிப்பார்கள். நான் நிறுத்தவில்லை. அப்பா இரண்டாம் முறை சொல்லவில்லை. முரசுமோட்டை வயல்களை பஸ் கடந்தபோது என் தொகுப்புரையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எங்கள் அணி வென்றது.

முனைகளைக் கட்டாததால் வலையில் பாதி நீரோடு போய்விட்டது. அதற்கு உரியவர் எங்கள் வள்ளத்துக்குப் பக்கத்தில் தம் வள்ளத்தை இழுத்து வைப்பவர். எங்கள் எஞ்சினில் நீருக்குள் சுழலும் விசிறியில் தம் வலையினதைப் போன்ற நீல நூல் சுற்றியிருந்ததைக் கண்டு, கடற்றொழிலாளர் சங்கத்தில் அப்பாவின்மேல் முறையிட்டார்.

கூட்டத்துக்குப் போகும்போது அப்பா என்னையும் அழைத்தார். “வந்து உள்ளதைச் சொல்லு” என்றார். சொல்லும் எண்ணத்தோடுதான் போனேன் என்று நினைக்கிறேன். உள்ளே நுழைந்ததும் வலைக்காரர் என்னைக் கண்டுவிட்டார்.

“அண்ணை பேச்சாளரைக் கூட்டி வந்திட்டார். இனி என்ர வலை தானாப் போய் விசிறிக்குள்ள விழுந்ததெண்டு சொல்லுவினம், இருந்து பாருங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுந்து மூன்று விடயங்களை வைத்தேன். வலை கிடக்கும் இடத்தில் கொடி நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அன்று கொடி நிற்கவில்லை. அந்த வழியால் எங்கள் வள்ளம் மட்டும் வரவில்லை. நீல நூலை இந்தக் கரை முழுவதும் ஒரே கடையில்தான் வாங்குகிறது. நான் சொன்னவற்றில் ஒன்றும் பொய்யில்லை. நாங்கள் வெட்டவில்லை என்று மட்டும் நான் சொல்லவில்லை. அந்த வசனத்தை மிகக் கவனமாகத் தவிர்த்துக்கொண்டேன்.

சங்கத் தலைவர் தீர்த்துச் சொன்னார்: “ஆதாரமில்லாமல் ஒராளைச் சொன்னது பிழை. அவரிட்டை மன்னிப்புக் கேளுங்கோ.”

வலைக்காரர் எழுந்து அப்பாவின் முன் வந்தார். “குறை நினையாதையுங்கோ அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு அப்பா எழவில்லை. கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாரிலும் எழவில்லை. “சங்கம் விட்டாலும் மனச்சாட்சி விடேல்லைப் போல” என்று கோயில் வாசலில் ஒரு பெண் என் காதுபடவே சொன்னாள். எனக்கு அச்சமோ வெட்கமோ வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது; தொட்டால் தொடுவது தெரியும், அதற்குமேல் ஒன்றுமில்லை. செபங்களில் மாசற்ற வாழ்வு என்று வரும் இடத்தை மற்றவர்களோடு சேர்ந்து உரக்கச் சொன்னேன். சங்கம் என்னை விட்டிருந்தது. அதுவே போதும் என்றிருந்தேன்.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். “ஏன் அப்பா எழும்புறியள் இல்லை?”

“அந்தாள் என்னட்டைக் கேட்ட மன்னிப்பை வாங்கி வைச்சிருக்கிறன். அதை வைச்சுக்கொண்டு எப்பிடிப் போய்க் கையேந்திறது?”

“பாவசங்கீர்த்தனத்தில சொல்லுங்கோவன்.”

“சொன்னால் பங்குச் சுவாமி திருப்பிக் குடுக்கச் சொல்லுவார். குடுக்கப் போனால் உன்னைக் காட்டிக் குடுக்கவேணும். அது நீ சொல்லவேண்டியது.”

வலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு களப்புக்குப் போய்விட்டார்.

தவக்காலத்தில் பங்குச் சுவாமியார் இளையோர் கூட்டத்துக்கு என்னை உரையாற்றக் கேட்டார். கடவுள் முன்னிலையில் குற்றமற்றவராய் இருப்பது என்பதே பொருள். ஒப்புக்கொண்டேன். வழக்கம்போல ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்பக்கம் என் கருத்துகளையும் வலப்பக்கம் எதிரணி சொல்லக்கூடியவற்றையும் எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் நிறைந்தது. வலப்பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. கடவுள் எனக்கு எதிராக எதையும் நிறுவப் போவதில்லை. அவர் அந்த வள்ளத்தில் இருந்தவர். கொடி நிற்கவில்லை என்று நான் சொன்னால், ஓம், நிற்கவில்லை என்றிருப்பார். அத்தனையையும் ஒத்துக்கொண்டுவிட்டு, அதற்குப் பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் எதை வெல்வது? அவர் முன்னால் குற்றமற்றிருப்பது என்றால், அந்தப் பார்வைக்கு முன்னால் எதையும் மூடாமல் நிற்பது என்று அப்போது விளங்கியது. கழுவுவது அவருடைய வேலை. விளங்கியபோதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. தாளை மடித்து வைத்தேன். அந்த உரையை வேறொருவர் ஆற்றினார்.

அந்த வெள்ளிக்கிழமை சங்கீர்த்தனத்துக்குப் போனேன். சூழ்நிலையிலிருந்து தொடங்கினேன்: துணைக்கு ஆள் வராதது, கொடி இல்லாதது, கூட்டத்தில் என்னைப் பகிடி பண்ணியது. சுவாமியார் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, இவ்வளவுக்கும் மற்ற ஆக்களின்ர பாவத்தைச் சொல்லிப்போட்டியள். அவையள் வந்து தங்கடையைச் சொல்லுவினம். நீங்கள் உங்கடையைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். அது மிகச் சிறியதாக இருந்தது. கெடுத்த பெயரைக் கெடுத்த இடத்திலேயே திருத்தும்படி சொல்லி, பாவமன்னிப்பு அளித்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், தலைவரின் அனுமதியோடு எழுந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேடையில் எனக்கு அந்தச் சிக்கல் வந்ததில்லை.

“அண்டைக்கு எஞ்சின் பிடிச்சது நான். வலை வெட்டுப்பட்டது எனக்குத் தெரியும். அப்பா நிப்பாட்டச் சொன்னவர். நான் நிப்பாட்டேல்லை.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப அந்த நூல்?”

“அவரின்ர வலை நூல்தான்.”

“பாத்தியளே,” என்றார் வலைக்காரர். “அரை நிமிசக் கதை. அண்டைக்கு அரை மணித்தியாலம் பேசினவர்.” இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நான் அவர் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். வலைக்கு உழைத்துத் தருகிறேன் என்றேன்.

“வலை அப்பவே கட்டியாச்சு. அதை விடும். இந்தச் சபைக்கு முன்னால உம்மட அப்பாட்டை நான் கேட்ட மன்னிப்பு ஒண்டு கிடக்கு. அதை எனக்குத் திருப்பித் தரவேணும்.”

அப்பா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். வலைக்காரருடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். “தரத்தான் இவ்வளவு நாளும் வைச்சிருந்தனான். மன்னிச்சுக்கொள்ளடா” என்றார்.

“சரி அண்ணை, சரி. இருங்கோ.”

ஞாயிறன்று வரிசை எங்கள் வாங்குக்கு வந்தபோது அப்பா எழுந்தார். நான் அவருக்குப் பின்னால் போனேன். ஏதாவது உணர்வேன் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்பம் நாவில் உலர்ந்து ஒட்டியது, அவ்வளவுதான். திரும்பி வந்து முழந்தாளிட்டோம். அப்பா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கத்திலேயே இருந்தேன்.