நான் இயக்கிய செத்தவீடு

தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எடுப்பவனுக்கு இரண்டு வேலை: படம்பிடிக்கும்போது சிரிக்கிறவர்களை அடக்குவது, ஒளிபரப்பானபின் சிரிக்காதவர்களைச் சமாளிப்பது. பத்துப் பேருக்கு முன்னால் பகிடி சொல்லி, ஒருவரும் சிரிக்காமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. கிளிநொச்சியில் நான் அதை வாராவாரம் தொழிலாகவே செய்கிறேன்.

கதாநாயகன் கழன்றான்

எங்கள் தொடரின் கதாநாயகன் குகன். கதையிலும் அவன் பெயர் குகன்தான். வேறு பெயர் வைத்தால் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கமாட்டான். அவன் இல்லாவிட்டால் தொடர் இல்லை. அப்படிப்பட்டவன் ஒருநாள் வந்து, விலகப் போகிறேன் என்றான். வட்டக்கச்சியில் ஒரு பெண்ணை விரும்புகிறான். அவளுடைய அப்பா பொன்னையா, நடிகனுக்குப் பெண் இல்லை என்றுவிட்டாராம்.

நானே பொன்னையாவிடம் நேரில் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தொடரில் குகனைச் சேற்றில் மூன்று தரம் விழவைத்தவன் நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்து உபசரித்த மனிதர், விஷயத்தில் அசையவில்லை.

"உவன் சேத்துக்கை விழுந்ததைப் பாத்து ஊரே சிரிச்சது. நாளைக்கு என்ரை மருமோன் எண்டு ஆருக்குக் காட்டுறது?"

அஞ்சலிப் பதாகை

கதாநாயகன் போகிறான் என்றால் கதையில் அவனைச் சாகடித்துத்தானே ஆகவேண்டும்? செத்தவீட்டுக் காட்சி எடுக்க முரசுமோட்டையில் ஒரு வீடு பிடித்தோம். எங்கள் கலை வேலைகளைப் பார்க்கும் வசந்தி அக்கா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். வெள்ளைக்கொடி, பெட்டி, மேளகாரர், குகனின் படம்போட்ட 'கண்ணீர் அஞ்சலி' பதாகை என்று எல்லாம் தயார். பதாகையை வீட்டு வாசல் படலையில் கட்டச் சொல்லியிருந்தேன். காலையில் பார்த்தால் அது சந்தியில் தொங்குகிறது. ஏனக்கா என்று கேட்டேன்.

"கண்ணீர் அஞ்சலியைச் சந்தியிலைதானே கட்டுறது? படலையிலை கட்டினா ஆர் பாக்கிறது?"

வந்த சனம்

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு விசாரித்துவிட்டுப் போகிற வழக்கமில்லை, போய்த்தான் விசாரிப்பது. குகன் மூக்கில் பஞ்சோடு பெட்டிக்குள் படுத்து, கமராவும் ஓடத் தொடங்கிய நேரம் சனம் வரத் தொடங்கியது. வசந்தி அக்கா பிடித்துவந்த துணை நடிகர்கள் என்றே நினைத்தேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று ஒரு அம்மா பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணியோடு வந்தார். அடடா, எவ்வளவு விவரமான நடிப்பு! ஆனால் அழுகைதான் கொஞ்சம் காணாது. "அம்மா, இன்னும் சத்தமா அழுங்கோ, முகத்தை இஞ்சாலை திருப்புங்கோ" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அழுறதுக்கு எங்களுக்கு ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை, தம்பி. நீர் முதல்லை அந்தத் தொப்பியைக் கழட்டும்!"

பெட்டியடியில் பொன்னையா

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வந்தவர்கள் துணை நடிகர்கள் இல்லை, உண்மையாகவே அழ வந்த ஊர்ச்சனம். நிறுத்தச் சொல்ல வாயைத் திறக்க, படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பொன்னையா! பதாகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நேரே பெட்டியடிக்குப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"தங்கமான பெடியன்! இப்பிடியெண்டு தெரிஞ்சிருந்தா, கேட்டவுடனை பிள்ளையைக் குடுத்திருப்பனே, ராசா!"

எனக்கே கண் கலங்கியது. குகன் ஒரு கண்ணைத் திறந்தான். "மாமா, இப்பவும் ஒண்டும் பிந்தேல்லை."

பிறகு நடந்ததைக் கமராவிலும் ஒழுங்காகப் பார்க்கமுடியாது. கேத்தில் கவிழ்ந்தது. மேளகாரர் வேலி பாய்ந்தார்கள். பொன்னையா ஒரு மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணும் போச்சு, குகனும் போனான், தொடரும் முடிந்தது என்று நான் தலையில் கைவைத்தேன். ஆனால் தேத்தண்ணி அம்மா விடவில்லை. "ஐயா, பிணத்துக்கு முன்னாலை சொன்ன சொல்லு, மாத்தக்கூடாது" என்றார். சனமும் ஓமோம் என்றது. பொன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஆவணியிலை நாள் வைப்பம்" என்றார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடிதான் என்று நினைத்து இரண்டு அடி தள்ளியே நின்றேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, நான் அழுதது கமராவிலை வடிவா விழுந்ததோ? இல்லாட்டி இன்னொருக்கா அழுறன்."

மருமகன் தொடரை விட்டுப் போகவில்லை, மாமனாரும் தொடருக்குள் வந்துவிட்டார். இப்போது அவரை அழாமல் நடிக்கவைப்பதுதான் எனக்கு வாராவாரம் பெரும்பாடு.