அப்பா வெட்டாத அரளி

எங்கள் வீட்டு வாசலில் கேட்டுக்கு இரண்டு பக்கமும் செவ்வரளி, ஜன்னலோரம் நந்தியாவட்டை, குழாயடியில் இட்லிப்பூச் செடி. நாலுக்குமே இலை உதிர்க்கிற நல்ல புத்தி கிடையாது. வேப்பமரமாவது வருஷத்துக்கு ஒருமுறை கொட்டித் தீர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். இவை பன்னிரண்டு மாசமும் பச்சையாகவே இருந்து, பன்னிரண்டு மாசமும் வளரும். நான் நாலாம் வகுப்புக்குப் போன வருஷம், சூலூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரர் இந்த வீட்டில் யாரும் குடியில்லை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்.

அப்பாவுக்கு வெட்டத் தெரியாமல் இல்லை. லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். செடி வெட்டுகிற நீளக் கத்தரியைக் கடையில் வாங்குவது கேவலம் என்று தானே செய்து, சாணை பிடித்து, எண்ணெய் போட்டு மாட்டி வைத்திருந்தார். முந்தின வருஷம் சித்திரையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாலு செடியையும் நூல் பிடித்த மாதிரி வெட்டி, தெருவில் போகிறவர்களை நிறுத்திக் காட்டினார். அந்தச் சித்திரை எனக்கு இன்னொரு காரணத்தாலும் நினைவிருக்கிறது. அடுத்த வாரமே அம்மா உடம்பு சரியில்லை என்று வெள்ளகோவிலில் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாசம் இருந்தாள். வீட்டில் சமையல் இல்லை, தினமும் கடைப் பரோட்டா. அப்படியொரு மாசம் எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

இந்த வருஷம் அதே மனிதர் கத்தரியைத் தொடவில்லை. கேட்டால் கத்தரி மொண்ணை என்றார். நான் தொட்டுப் பார்த்து, விரலை அறுத்துக்கொண்டு வந்து காட்டினேன். விரலில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, செடிக்குள் குருவிக்கூடு இருக்கிறது என்றார். மூன்று நாள் தேடினேன். ஒரு பழைய செருப்புதான் கிடைத்தது. அப்புறம் அமாவாசை போகட்டும் என்றார். ராகுகாலத்தில் போய் மொபெட் வாங்கியவர், பல்லி கத்தினால் பதிலுக்குக் கத்திக் காட்டுகிறவர், அமாவாசை பார்க்கிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு இதில் சொந்தக் கஷ்டம் இருந்தது. பள்ளிக்கூட வேன் எங்கள் வாசலில் வந்துதான் திரும்பும். ஆடிக்காற்றில் அரளிக் கிளைகள் காம்பவுண்டைத் தாண்டி ஆடி வேனை அறைந்தன. ஒருநாள் பக்கக் கண்ணாடியே கழன்று தொங்கியது. வேன்கார அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடு. திங்கக்கெழமைக்குள்ள வெட்டலீன்னா வண்டி இங்க வராது. நீ மில்லு முக்குக்கு வந்து ஏறிக்கோணும்."

மில் முக்கு ஒரு கிலோமீட்டர். என் புத்தகப்பை எனக்குப் பாதி எடை. அன்று சாயங்காலம் அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அம்மாதான் வாயைத் திறந்தாள். செவ்வாய் வெள்ளி நகம்கூட வெட்டாத அம்மா.

"ஏனுங்க, ஆள உட்டாச்சும் வெட்டிப்போடுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

"ஆளு வெட்டுனாலும் வெட்டச் சொன்னது நானுதான?" என்றார் அப்பா.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சோம்பேறித்தனத்துக்கு இத்தனை வியாக்கியானமா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அப்பா பட்டறைக்குப் போனார். அம்மா பகலிலேயே படுத்துத் தூங்கினாள். அந்த நாட்களில் அவளுக்கு எப்போதும் தூக்கம். பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, கத்தரியை இரண்டு கையாலும் பிடித்து வெட்டினேன். எட்டிய வரைக்கும் மொட்டை, எட்டாதது அப்படியே குடை. வேனில் இடிக்கிற கிளைகள் எல்லாம் குடையில்தான் இருந்தன. கையெல்லாம் அரளிப்பால். எழுந்து வந்த அம்மா அது விஷம் என்று அலறிக்கொண்டு சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள்.

சாயங்காலம் அப்பா வந்து கேட்டிலேயே நின்றுவிட்டார். அடி விழும், அல்லது கெட்டிக்காரி என்பார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"நான் சொல்லி நீ வெட்டலீல்ல கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டார். வக்கீல் தோற்றான். பிறகு, விழுந்து கிடந்த கிளைகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அள்ளிப் போடக்கூட இல்லை. அவை அங்கேயே காய்ந்து சருகாயின.

திங்கட்கிழமை வேன் வரவில்லை. அன்று முதல் அப்பா காலையில் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மில் முக்கு வரைக்கும் என்னோடு நடந்தார். பத்து நிமிஷ வேலையைச் செய்ய மாட்டாராம், ஆறு மாசம் பை தூக்குவாராம். நடுவில் அவர் தலைமுடியும் தாடியும் செடிக்குப் போட்டியாக வளர்ந்தன. வேனில் என் கூட்டாளிகள் அவரைச் சாமியார் என்றார்கள். நான் தினமும் அவருக்கு நாலடி முன்னால் நடந்தேன்.

தையில் தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்த மறுநாள் காலையில் 'சரக் சரக்' என்ற சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். அப்பா வெட்டிக்கொண்டிருந்தார். நூல் பிடித்தெல்லாம் இல்லை. நாலு செடியும் முழங்கால் உயரக் கட்டைகளாக நின்றன. அம்மாவுக்குப் பிடித்த இட்லிப்பூச் செடியையும் விடவில்லை. இதை ஆடியிலேயே செய்திருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். பெண்சாதி மாசமாக இருக்கும்போது புருஷன் பச்சை மரம் செடி வெட்டக்கூடாது, முடியும் எடுக்கக்கூடாது என்பார்கள். அப்பா அதைச் சொல்கிறவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தவர். அந்தச் சித்திரையில் அவர் செடி வெட்டிய எட்டாம் நாள் அம்மாவுக்கு மூன்று மாசக் கரு கலைந்தது. டாக்டர் வேறு காரணம் சொன்னாராம். அப்பாவும் டாக்டரைத்தான் நம்பினாராம். நம்பிக்கொண்டேதான் கத்தரியைத் தொடாமல் இருந்தார்.

அந்த ஒரு மாசமும் அப்பா பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, பசியில்லை என்று தன் பங்கையும் என் இலைக்குத் தள்ளிவிடுவார். நான் அம்மா இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேர் பங்கையும் தின்றேன்.