சாம்பியன் ஜெயித்ததிலேயே கஷ்டமான ஆள்

“…அந்த மிலிட்டரிக்காரன்லாம் ஒரு ஆளா சார்? மூச்சு வாங்கிகினு நின்னான், இவரு தட்டுனாரு, வுயுந்தான். அவ்ளோதான். இவரு ஜெயிச்சதுலயே கஷ்டமான ஆளு நான்தான். வேணும்னா அவரையே கேட்டுப் பாரு” என்றார், குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த பெரியவர்.

காலை பத்து மணி இருக்கும். கீழ்க்கட்டளையில் பழைய பாக்சிங் சாம்பியன் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் கார் பார்க்கிங். பகலிலும் அங்கே ஒரு டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெருங்களத்தூரிலிருந்து நான் போவேன். மாடியிலிருந்து ரிட்டையரான கணக்கு வாத்தியார் இறங்கி வருவார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாம்பியன் ஜெயித்ததில் எது பெரிய ஜெயம் என்று சண்டை போடுவோம். சாம்பியன் நடுவில் இருப்பார். அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மனைவியையே “நீங்க யாருங்க?” என்று மரியாதையாகக் கேட்பார்.

கைகளுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. ஒரு நாள் வாத்தியார் பேச்சுவாக்கில் பழைய எதிராளி ஒருவனை “அரக்கோணத்துக்காரன்” என்றதும் சாம்பியனின் வலது முழங்கை தானாக இறங்கி விலாவை மூடியது. முகத்தில் அசைவே இல்லை. தூங்குகிறவரின் கையை வேறு யாரோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. “மிலிட்டரிக்காரன்” என்றால் இடது கை தாடை வரைக்கும் வந்தது. அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம். காதருகே ஆளைச் சொல்வோம். கை எவ்வளவு உயரம் போகிறதோ எதிராளி அவ்வளவு கெட்டி.

“மூஞ்சி லீவு போட்டுடுச்சுண்ணா, கை மட்டும் டியூட்டிக்கு வருது. அதையும் ஏன் தொந்தரவு பண்றீங்க?” என்பார் அவர் மனைவி. அந்த வார்த்தையை ரசித்து நாலு பேரிடம் சொன்னேனே தவிர, விளையாட்டை நிறுத்தவில்லை.

குன்றத்தூர்க்காரர் இதைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். சாம்பியனிடம் தோற்றதோடு அவர் ரிங்கில் ஏறவே இல்லையாம்.

“வூட்ல எல்லாம் சிரிக்கிறாங்கோ சார். தோத்ததுக்கு இன்னா பெருமைன்றாங்கோ. நாப்பது வருசமா ஒரே சொல்லுதான் சொல்லிகினு கீறேன். அந்தக் கை ஒரு தபா தூக்கட்டும், நிம்மதியா போய்டுவேன்.”

வாத்தியார் குனிந்து, “குன்றத்தூர்க்காரர்” என்றார்.

கைகள் மடியிலேயே கிடந்தன. இன்னொரு முறை சொன்னார். இல்லை. பெரியவரே கிட்டப் போய்த் தன் பெயரைச் சொன்னார். சாம்பியன் அவரை ஏறிட்டுப் பார்த்து, “காபி சாப்டீங்களா?” என்றார்.

“மனசுல வெச்சுக்காதீங்க சார்” என்றார் வாத்தியார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “லிஸ்ட்லயே நீங்க இல்ல போல.”

பெரியவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். இடது காலை முன்னால் வைத்து, இரண்டு முஷ்டியையும் உயர்த்தி நின்றார். தோள் மட்டும் வேறொரு வயதுக்காரனின் தோளாக இருந்தது.

சாம்பியனின் கைகள் எழுந்தன. இரண்டும். தாடையைத் தாண்டி முகத்தையே மறைத்துக்கொண்டன. அதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. கால்கள் தரையை உதைக்க, நாற்காலி சிமெண்டில் கிறீச்சிட்டுப் பின்னால் போய் மோட்டார் ரூம் சுவரில் இடித்து நின்றது. முஷ்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்களுக்குத் தெரிந்த சாம்பியனின் குரல் இல்லை அது. இருபது வயசுப் பையனுடையது.

“போதும்ணா. இன்னும் எத்தினி ரவுண்டு?”

படிக்கட்டில் இறங்கி வந்த அவர் மனைவி பாதியிலேயே நின்றுவிட்டார்.

“சார், கைய எறக்குங்க. நீங்கதான், ஒத்துக்கறோம்” என்றார் வாத்தியார், மெதுவாக.

பெரியவர் கையை இறக்கினார். சாம்பியன் இறக்கவில்லை. முஷ்டிகளின் இடுக்கு வழியாக ஒரு கண் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தது. “ஏங்க, முடிஞ்சிடுச்சுங்க” என்று மனைவி சொன்னது உள்ளே போகவில்லை. அங்கே ரவுண்டு முடியும் மணி இன்னும் அடிக்கவில்லை.

கேட்டு வந்தது பெரியவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீதான்பா ஜெயிச்ச” என்றார்.

பிறகு ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மெல்லக் குனிந்து, எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சிமெண்டுத் தரையில், அடி வாங்கி விழுந்தவன் மாதிரி மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.