கையுறைக்குப் பொருள் எழுதியவர்

‘அலுவலக உதவியாளர், கடைநிலை. பணி: கோப்பு சுமத்தல், குடிநீர் நிரப்புதல். மொழியறிவு தேவையில்லை.’ அகராதி அலுவலகத்தின் பணிப்பதிவேடு அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். தண்ணீர் வைக்கிற சாக்கில் பதினேழு வருடமாகத் தலைமைப் பதிப்பாசிரியரின் பிழைகளைத் திருத்தி வந்தவர் அவர். மற்றவர்கள் ‘அடிக்குறிப்பு’ என்று கூப்பிடுவார்கள்.

அவருடைய தங்கைக்கு முலாம் பூசும் பட்டறையில் வேலை. ஒருநாள் அமிலம் பட்டு இரண்டு கையும் வெந்துபோயின. கையுறை கொடுத்திருந்தோம், இது அவளுடைய கவனக்குறைவு என்றது பட்டறை. கொடுத்திருந்தது பழைய துணியில் தைத்த பை. அது கையுறைதானா என்று தொழிலாளர் தீர்ப்பாயம் அகராதி அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டது. பதிலைப் பொறுத்துத்தான் அவள் வேலை நிலைக்கும், அல்லது போகும்.

பதிப்பாசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“பழம்பாட்டுல கையுறைன்னா என்னன்னு தெரியுமாப்பா? காதலன் காதலிக்குக் கொண்டுபோற பரிசு. தழை, பூ, அந்த மாதிரி.”

“என் தங்கச்சிக்கு யாரும் பூக் கொடுக்கல சார். பைதான் கொடுத்தாங்க.”

“சரி, இப்போதைய பொருளுக்கு வருவோம். கை, உறை. கையை மூடினா கையுறை. அவ்வளவுதான்.”

“உள்ள இருக்கறதைக் காத்தாத்தானே சார் உறை?”

“தலையணை உறை எதைக் காக்குது?”

“உங்க தலை எண்ணெய்கிட்டேயிருந்து தலையணையை.”

பதிப்பாசிரியர் சிரித்தார். ‘கையை மூடும் துணி முதலியன’ என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பிட்டு வந்ததும் மேசைமேல் கோப்புத் தட்டில் இருக்கும் சீட்டுகளின் மூலையை மட்டும் புரட்டிக் கையெழுத்திடுவது அவர் வழக்கம். அன்றும் அப்படியே செய்தார். அதற்குள் உதவியாளர் சீட்டை மாற்றியிருந்தார்: ‘கையுறை: செய்யும் வேலையின் தீங்கு கையைத் தீண்டாமல் காக்கும் உறை. காக்காதது கையுறை ஆகாது.’ பதிப்பாசிரியரின் கையெழுத்தோடு இத்தனை தெளிவான விளக்கம் வெளியே போனது அதுவே முதல் தடவை.

சீட்டில் இருப்பது யாருடைய எழுத்து என்று பட்டறையின் வக்கீல் தோண்டி எடுத்துவிட்டார். அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். பதிப்பாசிரியர் நல்ல மனிதர். தப்பிக்க வழி சொன்னார்.

“தெரியாம எழுதிட்டேன்னு எழுதிக் குடுத்துடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது.”

“அந்த விளக்கம்?”

“அதை வாபஸ் வாங்கிக்கலாம்.”

வீட்டில் தங்கையும் அதையே சொன்னாள். “தெரியாதுன்னே சொல்லிடுண்ணா. ரெண்டு பேரும் வீட்ல உட்கார்ந்தா எப்படி?”

“தப்பு உன்மேல வந்துடும்.”

“வரட்டும். வெந்தது வெந்ததுதானே.”

சொன்னபடி கேட்டிருந்தால் ஒரு வேலையாவது மிஞ்சியிருக்கும். இரண்டும் போயின. அண்ணன் எழுதிய பொருள் செல்லாது என்று தீர்ப்பாயம் தள்ளிவிட்டது. அகராதியின் அடுத்த பதிப்பில் அதே விளக்கம், ஓர் எழுத்துகூட மாறாமல், பதிப்பாசிரியர் பெயரில் வந்தது.

விசாரணைத் தாளில் உதவியாளர், ‘தெரிந்தே எழுதினேன். பொருள் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.