தென்னேரி ரோட்டில் கேட்கப்பட்ட ஜெபம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். என் தமிழைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது நன்றிகெட்டத்தனம்.

அறுபத்தாறாம் வருஷம் சித்திரை மாதம் நான் காஞ்சிபுரத்துக்கு வந்தேன். அதுவரை என் வாழ்க்கை முழுவதும் சிம்லாவில். அப்பா அங்கே ஓர் அதிகாரி வீட்டுக்குச் சமையல்காரராகப் போனவர். நான் பிறந்ததே அங்கேதான். வீட்டில் கொஞ்சம் தமிழ், வெளியில் எல்லாம் இந்தி. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த மலைப் பாதைகளில்தான். அந்த வருஷக் குளிரில் என் மனைவி சுகந்தி நிமோனியா கண்டு இறந்துபோனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் படுத்திருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜீப் டிரைவர் தேவை என்று போதகர் ஒருவர் சொன்னார். சொந்த ஜனங்களுக்கு நடுவில் இருக்கலாமே என்று ரயிலேறிவிட்டேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குச் சொந்த ஜனம் என்று யாரும் இல்லை. இந்தியை எதிர்த்து ஊர் கொதித்து அடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் வாயைத் திறந்தால் இந்தி வாடை வீசும். பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறை கிடைத்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே தறியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே நெய்வார்கள். நான் கடந்து போனால் பேச்சு நின்றுவிடும். கெட்டவர்கள் இல்லை. என்னிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் தறிகள் ஓய்ந்ததும் அந்த அறையில் ஓர் அமைதி வரும். அதைப் போலக் கொடுமை வேறு இல்லை. சில நாட்களில் என் குரலை நானே கேட்காமல் படுத்திருக்கிறேன்.

வண்டியாவது துணையாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. சிம்லாவில் இஞ்சினைச் சூடாக்கி எழுப்புவதே பாடு. குளிர்காற்று படாமல் ரேடியேட்டருக்கு முன்னால் கோணி கட்டி ஓட்டுவோம். இங்கே ரேடியேட்டர் கொதிக்கிறது, வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுபோகிறது. ஒரு மத்தியானம் ஓரிக்கை பக்கம் வயதான நோயாளி ஒருவரோடு நின்றுவிட்டேன். இஞ்சினில் இருக்கிற பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்ற வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "இந்திக்காரருக்கு நம்ம வெயிலு ஒத்துக்கலப்பா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் போகலாம் என்றால், போய் யாரைப் பார்ப்பது? இங்கேயும் யாரும் இல்லை, அங்கேயும் யாரும் இல்லை. அந்த நாட்களில் ஜெபிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் தென்னேரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். செல்வி என்று ஒரு பெண், முதல் பிரசவம், முந்தின நாளிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது. டாக்டரம்மா என்னையும் ஒரு நர்ஸ் சிஸ்டரையும் அனுப்பினார். போகும்போது ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். செல்வியையும் அவள் அம்மா அம்சாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பினால், ஏரி நிரம்பி வழிந்து ரோட்டையே காணோம். முன்னால் ஒரே வெள்ளம். எது ரோடு, எது பள்ளம், எது வயல் என்று தெரியவில்லை. ஒரு சக்கரம் இறங்கினால் எல்லோரும் போய்விடுவோம். பின்னால் செல்வி கத்திக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "டிரைவர், ரொம்ப நேரம் தாங்காது."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. என்னை அறியாமல் வாய்விட்டு ஜெபித்தேன். தமிழில் இல்லை. நானும் சுகந்தியும் ராத்திரி முழங்கால் போட்டு ஜெபிக்கிற இந்தியில். 'எனக்கு யாரும் இல்லை ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்காவது வழி காட்டும்' என்று கதறினேன். பிறகுதான் உறைத்தது. வெட்கப்பட்டு வாயை மூடினேன்.

பின்னாலிருந்து அம்சா என் தோளைத் தொட்டார். "ஏம்பா நிறுத்திட்ட? எந்த பாஷையா இருந்தா இன்னா? சத்தமா கும்புடு. கேக்கட்டும்."

இந்த ஊருக்கு வந்து அத்தனை மாதத்தில் ஒரு மனுஷக் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. நான் மறுபடியும் ஜெபித்தேன். அந்த அம்மா அவருடைய அம்மனைக் கூப்பிட்டார். சிஸ்டர் கண்ணை மூடியிருந்தார்.

தலையைத் தூக்கினபோது, களை எடுக்கப் போன பெண்கள் ஏழெட்டுப் பேர் மழைக்குத் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு, நம்ம அம்சா பொண்ணா? ஏம்பா, வண்டி இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்குது?"

"ரோடு தெரியலம்மா" என்றேன்.

"எங்க காலுக்குத் தெரியும்பா. தெனம் நடக்கற ரோடு. நாங்க ரெண்டு பக்கமும் ஓரமா நடக்கறோம். நீ நடுவுல வா."

அவர் தலையிலிருந்த கோணியைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று புத்தி வந்தது. கேட்டு வாங்கி, சிம்லாவில் கட்டுகிற மாதிரியே ரேடியேட்டருக்கு முன்னால் இறுக்கிக் கட்டினேன். தண்ணீர் நேராக இஞ்சின்மேல் அடிக்காது அல்லவா? அந்தப் பெண்கள் இரண்டு வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். காலால் தடவித் தடவி, "இங்க பள்ளம், உள்ள வாங்கிக்க!" என்று கத்திக்கொண்டே நடந்தார்கள். நான் முதல் கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், பிரேக்கைத் தொடாமல், பனியில் ஓட்டுவதுபோலவே அவர்களுக்கு நடுவில் ஓட்டினேன். ஒரு பெண் வழுக்கி விழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிட, எழுந்து சிரித்துக்கொண்டே நடந்தாள். இஞ்சின் இரண்டு தடவை இருமியது. நிற்கவில்லை.

மேடான ரோடு வந்ததும் அவர்கள் விலகி நின்றார்கள். "போ, போ, நிக்காத!" என்றார்கள். யார் பெயரும் நான் கேட்கவில்லை.

வாலாஜாபாத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். டாக்டரம்மா ஆபரேஷன் செய்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் ஜீப் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லக்கூட முடியாமல் அழுதேன். சுகந்தி இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று அம்சா குழந்தையை என் மடியில் வைத்து, "நீ கும்புட்ட பாஷையில ஒரு பேரு சொல்லுப்பா" என்றார். ஆஷா என்றேன். நம்பிக்கை என்று அர்த்தம் சொன்னேன். அந்தப் பெயரே வைத்தார்கள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. நான் திரும்பிப் போகவில்லை. இன்றும் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். சில சாயங்காலங்கள் இன்னும் கனமாகத்தான் இருக்கின்றன; இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்தத் தனிமைக்கு நான் பயப்படுவதில்லை. பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடம் நானாகப் போய்ப் பேசினேன். அவரும் பேசினார்.

உங்களில் யாராவது யாருமில்லை என்று உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்தால், அடக்கிவைக்காதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வானத்திலிருந்து வரும் என்று நான் காத்திருந்தேன். அது எனக்குப் பின்னால், சேற்றுக்காலோடு நடந்து வந்தது. அந்தப் பெண்களை அனுப்பினவருக்கே எல்லா மகிமையும்.