பேசாமல் இருக்க ரயிலேறிப் போன கதை

மௌனம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தாமதமாக வந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாய்ப்பழக்கம், எங்கள் சபையில் வணக்கத்துக்குச் சொல்வதுபோல் "தோத்திரமுங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கண்மூடியிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் மேரி மட்டும் கண் திறக்கவில்லை. அப்பன் குரல் அவளுக்குத் தெரியாதா?

சென்ற லெந்து என்னும் தவக்கால நாட்களில் பள்ளிபாளையம் பக்கம் நடந்த மௌன தியானம் அது. "நீங்க ஜெபிக்கறப்ப ஆண்டவருக்கே பேச இடம் கிடைக்கறதில்லைங்க" என்று எங்கள் போதகர்தான் அனுப்பினார். வீட்டில் நானும் மேரியும் மட்டும், இருவரும் கிளம்பினோம்.

சேலத்தில் காலை ஆறரைக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒன்பதணா. சங்ககிரி நெருங்கும்போது மேரி, "அப்பா, அந்த நர்ஸ் படிப்புக்குத் திங்கக்கிழமைக்குள்ள பதில் எழுதணுமுங்க..." என்று ஆரம்பித்தாள். நானோ ஜன்னலில் தெரிந்த மலையைக் காட்டி, கோட்டைக் கதையைப் பெட்டி முழுவதற்கும் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவள் அந்தப் பேச்சை எடுத்தால் மூன்று வாரமாக இப்படித்தான்.

காவேரி ஸ்டேஷனிலிருந்து தியானம் நடக்கும் மாந்தோப்புக்கு இரண்டு மைல், மாட்டுவண்டிக்கு நாலணா. வண்டிக்காரர் கேட்டார்: "ஏனுங்க, பேசாம இருக்கறதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க? ஊட்டுலயே இருந்திருக்கலாமுங்களே?"

"எங்க ஊட்டுல அது ஆகாதுங்க" என்றாள் மேரி.

காலையில் ஒரு வேத வசனம் வாசிப்பார்கள். பிறகு மாலை மணி வரை மாமரத்தடியில் அசையாமல் இருக்க வேண்டும். முதல் நாள் எறும்பு எண்ணினேன், தூங்கினேன். இரண்டாம் நாள் நடுப்பகலில் எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஆண்டவர் பேசுவார் என்று காத்திருந்தேன். காதில் வந்து நின்றதோ, ரயிலில் மேரி பாதியில் நிறுத்திய பேச்சு.

மணி அடித்ததும் அவளை ஆற்றுமணலுக்குக் கூட்டிப்போனேன். "சொல்லு சாமி" என்றதோடு வாயை மூடிக்கொண்டேன். அவள் அம்மா காய்ச்சலில் கிடந்த கடைசிப் பத்து நாளைப் பற்றிச் சொன்னாள். "என்ன பண்றதுன்னே தெரியாம நின்னேனுங்கப்பா. இனி யாரு பக்கத்துலயும் அப்படி நிக்க மாட்டேன்." நடுவில் நாலு முறை பேச்சு தொண்டை வரை வந்தது. மணலை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் முடித்ததும், "பதில் எழுதிப் போடு. போய்ப் படி, சாமி" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: பாய், தலையணை கொண்டுபோங்கள். மதியம் மோர் அங்கேயே கிடைக்கும். கடிகாரம் வேண்டாம். தும்மலாம், தோத்திரம் சொல்லக் கூடாது. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஓடி வந்துவிடாதீர்கள். வீட்டிலும் இப்போது காலையில் கால்மணி நேரம் சும்மா உட்காருகிறோம், நன்றாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது சங்ககிரி மலை வந்தது. "கோட்டைக் கதை இல்லீங்களாப்பா?" என்று மேரி சிரித்தாள். சொன்னேன். 'நீ படிக்கப் போன பிறகு இதையெல்லாம் யாரிடம் சொல்வேன்' என்பதை மட்டும் சொல்லவில்லை.